ரேக்ளாக் காளையும் பழையகோட்டைப் பட்டக்காரரும்

முலுண்டிலும் தாராவியிலும் மாதுங்காவிலும் வாழும் தமிழ் நேயர்களுள் பலர், ஊருக்குச் சென்ற சமயம் மாட்டுவண்டிப் பந்தயம் கண்டிருப்பீர்கள். தென்பாண்டிச் சீமையில் வண்டிகள் பல சாலையில் ஒருங்கே ஓடும். கொங்கு நாட்டு ரேக்ளா வேறு வகையினது. காளையின் பல்லைப் பார்த்து வயதறிந்து, 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வகுத்து, ஓடிய நேரத்தைக் கொண்டே வெற்றியைத் தீர்மானிப்பர். ஓட்டியவரை ஊரார் கொண்டாடுவர். அந்தக் காளை எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்பவரோ சிலரே.

கேட்டால், காங்கயத்தை அடுத்த பழையகோட்டைக்குச் செல்லவேண்டும். நெல்லைச் சீமையார் இதனைத் தம் பாளையங்கோட்டை என்று மயங்கற்க. இவ்வூர்ப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், காங்கய இனத்தைத் திருத்தி வளர்ப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். இன்று நாம் காணும் காங்கயக் காளையின் கட்டும் திமிலும் மிடுக்கும் அவர் முயற்சிக்குப் பெரிதும் கடன்பட்டவை.

இப்பணிக்கு ஓர் ஆயுள் ஏன் வேண்டும்? பசு சினையாகிக் கன்று ஈன ஒன்பது மாதத்துக்கு மேலாகும். அக்கன்று வளர்ந்து தன் தரத்தைக் காட்ட இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள். பொலிகாளையைத் தவறாகத் தேர்ந்தவர் அதனை உணரும்பொழுது ஐந்தாண்டு கழிந்திருக்கும்! மழை குறைந்த அந்நிலத்தில் கிளுவை வேலியிட்டு, உள்ளே வெள்வேல் மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளரவிட்ட மேய்ச்சற் காட்டைக் கொறங்காடு என்பர். செந்நிறமாய்ப் பிறக்கும் கன்று, ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் கொள்வது அங்கேதான்.

அமெரிக்காவிலும் இத்தகைய வரலாறு உண்டு. அங்கே குதிரை பூட்டிய சிறு வண்டிப் பந்தயம் புகழ்பெற்றது. வில்லியம் ரைஸ்டிக் என்னும் பண்ணையாள், 1849-இல் பிறந்த ஒரு குதிரைக்குட்டியைத் தாயுடன் 125 டாலருக்கு வாங்கினார். ஹாம்பிள்டோனியன் என்ற அக்குதிரை 1,300-க்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. அந்நாட்டு வண்டிப் பந்தயக் குதிரைகளின் மரபு அதனையே மூலமாகக் கொண்டது. ஒரு மைலை இத்தனை நேரத்துள் ஓடவேண்டும் என்ற நியமமே அவ்வினத்துக்குப் பெயருமாயிற்று.

நம் காளைக்கு வந்த சோதனை வேறு. உழவையும் பாரத்தையும் டிராக்டரும் லாரியும் பறித்துக்கொண்டன. பந்தயமொன்றே எஞ்சியிருக்க, 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுடன் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. வாலை முறுக்குதல், தார்க்குச்சியால் குத்துதல் முதலிய கொடுமைகள் அத்தீர்ப்பில் பேசப்பட்டன. அவை பொய்யல்ல, அவற்றைச் செய்தவர்களே காளைக்கு முதற் பகைவர். ஆயினும், பயனற்றதென்று கருதப்பட்ட காளைக்கன்றுக்கு அடுத்த இடம் இறைச்சிச் சந்தையே என்பதையும் மறத்தலாகாது.

2017-இல் தமிழகம் ஜல்லிக்கட்டுக்கும், மராட்டியம் வண்டிப் பந்தயத்துக்கும் சட்டம் இயற்றின. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தடையால் மராட்டியத்தில் 2021 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இரு மாநிலச் சட்டங்களும் செல்லும் என்று ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18-இல் ஒரே தீர்ப்பில் கூறிற்று. அங்கே காங்கயம், இங்கே கில்லாரி. புணே மாவட்டத்துப் பந்தயத் திடலில் கில்லாரியின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் மராட்டியக் குடியானவரும் காங்கயச் சந்தைத் தரகரும், மொழி தெரியாமலே ஒருவரோடொருவர் விலை பேசிவிடுவர்.