கரைவதா, சேர்வதா? – 1946 சொல்லும் பாடம்

வரலாற்று ஆசிரியர் லீவில் நின்ற ஒரு நாள், தமிழ் படிப்பிக்கிற நான் பதினோராந் தரத்துக்கு ஐக்கிய தேசியக் கட்சியின் தோற்றத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பினான். "சேர், நம்மட ஆக்களும் அதுல சேர்ந்தாங்க எண்டா, நம்மட சங்கத்தக் கலைச்சிட்டா போனாங்க?" பதில் சொல்லுமுன் மணி அடித்துவிட்டது. சின்னக் கட்சியெல்லாம் பெரிய கட்சியில் கரைய வேண்டுமா என்று சாகாமத்துத் தேநீர்க் கடையிலும் இதே பேச்சுத்தான். ஆகவே பதிலை எழுதிவைக்கிறேன்.

1945 நவம்பரில் சோல்பரி வெள்ளை அறிக்கையை ஏற்கும் தீர்மானம் அரசாங்க சபையில் 51க்கு 3 என நிறைவேறியது. மர்ஹூம் டி.பி. ஜாயா அதை ஆதரித்துப் பேசினார். அடுத்த ஆண்டு டி.எஸ். சேனநாயக்க எல்லா இனத்தாருக்கும் ஒரே கட்சி என்று ஐ.தே.க.வை அமைத்தார். முஸ்லிம்கள் நாடெங்கும் சிதறி வாழ்பவர்கள். பெரிய கட்சியின் துணையின்றி அநேக இடங்களில் வெல்ல முடியாது. முஸ்லிம் லீக்கும் சேர் ராசிக் பரீதின் சோனகர் சங்கமும் சேர்ந்ததை இந்தக் கணக்கோடுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சேரவில்லை. 1919இல் பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரஸ் கரைந்தே போயிற்று. லீக்கும் சோனகர் சங்கமும் கலையவில்லை. பண்டாரநாயக்கவின் சிங்கள மகா சபையும் கலையவில்லை. 1951இல் அவர் வெளியேறியபோது கையில் ஆட்களும் கிளைகளும் இருந்தன. அதிலிருந்தே சுதந்திரக் கட்சி எழுந்தது. நம்மவர்களும் வீட்டை இடிக்கவில்லைதான். ஆனால் அதைப் பேரம் பேசும் அரசியல் வீடாக வைத்திருக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

நம் கரையோரத்தில் இதன் விளைவைப் பாருங்கள். கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் 1947இல் ஐ.தே.க.வில் கல்முனையை வென்றார். 1956இல் தமிழரசுக் கட்சியில் வென்று அரசாங்கப் பக்கம் போனார். எங்கள் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் அப்படியே. இதற்கிடையே 1949இல் பட்டிப்பளை ஆற்றுத் திட்டம் தொடங்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. காணியும் குடிப்பரம்பலும் மாறிய அந்தக் காலத்தில் நம் பிரதிநிதிகள் தனித்தனி ஆட்களாகவே நின்றார்கள்.

1977இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி ஒப்பந்தம் செய்து தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னத்தில் நின்றது. ஒரு முஸ்லிமும் வெல்லவில்லை. அந்த அனுபவத்தில் நின்றவர்தான் மர்ஹூம் அஷ்ரப். 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் 1986இல் அரசியல் கட்சியானது. 1988இல், பிரேமதாசவுடன் பேசி, விகிதாசாரத் தேர்தலின் 12.5 வீத வெட்டுப்புள்ளியை 5 வீதமாக்கினார் அஷ்ரப். 1994இல் பொதுசன முன்னணியோடு சேர்ந்தார், கட்சியைக் கரைக்கவில்லை. 1999இல் எல்லா இனத்தாருக்குமென நுஆவைத் தொடங்கியபோதும் காங்கிரஸைக் கலைக்கவில்லை.

தனிக்கட்சி இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தனிக்கட்சியும் பிளந்ததைக் கண்டவர்கள் நாம். சேர்வதும் பாவமில்லை. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: நிபந்தனை எழுத்தில் இருக்கிறதா? திரும்பி வர வீடு இருக்கிறதா?

அந்த மாணவனுக்கு என் பதில் இதுதான்: கலைக்கவில்லை மகன். ஆனா வெச்சிருந்தத வெச்சு ஒண்டும் கேக்கவுமில்ல.