கம்பியில்லா வீட்டு வலையமைப்பின் வேகக் குறைவு

கம்பியில்லா வீட்டு வலையமைப்பு (வைஃபை) என்பது இணைய இணைப்பை வானொலி அலைகள் மூலம் வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பகிரும் அமைப்பாகும். இதற்கான ஐ.இ.இ.இ. 802.11 சீர்தரம் 1997 இல் வெளியானது. இந்தியாவில் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஆம் ஆண்டு அறிவிக்கை வழிசெய்தது. 5 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இவ்வனுமதி 2018 இல் விரிவாக்கப்பட்டது.

காரணங்கள்

உதகமண்டலத்தை அடுத்த பெர்ன்ஹில் உள்ளிட்ட நீலகிரிப் பகுதிகளில் மூடுபனியே வேகக் குறைவுக்குக் காரணம் எனக் கருதுவது பிழையாகும். வீட்டளவு தொலைவில் இவ்வலைகளுக்குப் பனியால் ஏற்படும் இழப்பு புறக்கணிக்கத்தக்கது. ஆங்கிலேயர் காலக் கட்டடங்களின் தடித்த கற்சுவர்களே அலைகளைப் பெரிதும் வலுவிழக்கச் செய்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அண்டை வீட்டு வலையமைப்புகளும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இடையூறு விளைவிக்கும்.

சரிசெய்யும் முறை

முதலில் கணினியை ஈதர்நெட் கம்பியால் திசைவியுடன் (ரவுட்டர்) இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். அப்போதும் வேகம் குறைவாயின், குறை திசைவியிலோ வழங்குநரின் இணைப்பிலோ உள்ளது. இல்லையெனில் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

* திசைவியை வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடத்தில் வைத்தல்.
* 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளுள் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தல்.
* அருகிலுள்ள கருவிகளை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுதல். இது விரைவானது, எனினும் சுவரை ஊடுருவும் திறன் குறைந்தது.
* கற்சுவருக்கு அப்பாலுள்ள அறைக்குக் கம்பி இழுத்து, அங்கு இரண்டாவது அணுகுபுள்ளி அமைத்தல்.