ராஜா வீட்டு நாய்

செல்லமாக வளர்த்த நாய் செத்துப்போனால், பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரிதான் பேஜார்! ரெண்டு மணிக்கு விழிப்புத் தட்டும். கட்டிலுக்குக் கீழே அந்த மூச்சுச் சத்தம் இருக்காது. அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட முழித்திருக்க வேண்டியதுதான். காலையில் 'ஏன் கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?' என்று யாராவது கேட்டால், உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். 'ஒரு நாய்க்கா இவ்வளவு?' என்பார்களே!

உங்களுக்கு வரும் அதே கூச்சம் ஒரு மாமன்னருக்கும் வந்தது. பிரஷ்யாவின் இரண்டாம் ஃப்ரெடெரிக்! 1740-ல் பட்டத்துக்கு வந்த கையோடு சைலீஷியா மீது படையெடுத்தவர். அவருடைய போர்களில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அப்பேர்ப்பட்டவருக்கு உயிர், ஒல்லியான இத்தாலியன் கிரேஹவுண்ட் நாய்கள். அதிலும் 'பிஷ்' என்ற பெண் நாய்! 1745-ல், ஸோர் போரின்போது அவருடைய முகாமைச் சூறையாடிய ஆஸ்திரியப் படை, பிஷ்ஷையும் தூக்கிக்கொண்டு போய், பிறகு திருப்பித் தந்தது. 1748-ல் அவருடைய அக்கா வில்ஹெல்மினாவின் நாயும் பிஷ்ஷும் கடிதம்கூடப் போட்டுக்கொண்டன. (எழுதியது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா!)

1752-ல் பிஷ் இறந்தது. ராஜா அக்காவுக்கு எழுதினார்: ஒரு நாய் என்னை இந்த அளவுக்கு உலுக்கிவிட்டதே என்று வெட்கப்பட்டேன். ஆனால், உண்மை அதுதான்... விசுவாசமான ஒரு பிராணியிடம் அலட்சியமாக இருப்பவன், சக மனுஷனிடம் எப்படி நன்றியோடு இருப்பான்? கல்நெஞ்சைவிட இளகிய மனசே மேல்!

தூக்கம் வராத ராத்திரியில் நீங்களும் இப்படி யாருக்காவது எழுதிப் பாருங்களேன். கேலி செய்யாத ஆளாக இருக்கணும், அவ்வளவுதான்.

பாட்ஸ்டாமில் ஃப்ரெடெரிக் கட்டிய மாளிகையின் பெயர் ஸான்ஸூசி. 'கவலையில்லை' என்று அர்த்தம்! அதன் மேல்தளத்துத் தோட்டத்தில் நாய்களைப் புதைத்தார். 'என்னையும் அங்கேயே அடக்கம் செய்யுங்கள்' என்று உயில் எழுதினார்.

1786, ஆகஸ்ட் 16 இரவு. மூச்சுத்திணறலால் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே கிடந்தார் கிழவர். பக்கத்தில் ஒரு நாய் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, 'அதுக்குப் போர்த்திவிடு' என்றாராம். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

உயில்? அடுத்து ராஜாவான தம்பி மகன் அதைச் சட்டை செய்யவில்லை. பெரியப்பாவை சர்ச்சில், அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டார். எந்த அப்பா? 1730-ல் ஃப்ரெடெரிக்கின் உயிர் நண்பன் காட்டேயின் தலையை வெட்ட உத்தரவு போட்டவர்!

இரண்டாம் உலகப்போரில் அந்தச் சவப்பெட்டி உப்புச் சுரங்கம்வரை அலைந்தது. கடைசியில் 1991, ஆகஸ்ட் 17. இறந்து சரியாக 205 வருடங்கள் கழித்து, நாய்களுக்குப் பக்கத்தில் ராஜாவுக்கு இடம் கிடைத்தது.