நுரைச்சோலை வீடுகள் பிறந்த கதை

அம்பாறைக் கரையில் நுரைச்சோலை என்றால் அது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயர். புத்தளத்து அனல்மின் நிலையம் இருக்கும் நுரைச்சோலை வேறு. இது அக்கரைப்பற்றுப் பக்கம், சவூதி அரேபியாவின் பணத்தில் எழுந்த 500 வீடுகள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி அடித்த சுனாமியில் இலங்கையில் ஆக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரம் பேருக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் மதிலோடு மதில் முட்டிக் கிடந்த ஊர்கள். தப்பியவர்கள் பழைய வளவுக்குத் திரும்ப நினைத்தபோது, வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது அரசாங்கம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே ஒடுக்கமான மணல் திட்டி. அதிலே 200 மீற்றரை விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன? பிறகுதான் அந்த விதி தளர்ந்தது. காணி தேடி அலைந்த அந்தக் காலத்தில் அகப்பட்டது நுரைச்சோலை. முன்னின்று செய்தவர் வீடமைப்பு அமைச்சராக இருந்த பேரியல் அஷ்ரப். வீடுகளோடு பள்ளிவாசலும் பாடசாலையும் வைத்தியசாலையும் எழுந்தன.

எதிர்ப்பும் கூடவே எழுந்தது. பௌத்தர்களின் புனிதத் தலமான தீகவாபிக்குக் கிட்டிய அரச காணியை முஸ்லிம் சமூகத்துக்கு மட்டும் கொடுப்பதா என்று சிங்களத் தேசியவாதக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கேட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இன விகிதாசாரப்படி பங்கிட வேண்டும் என்று 2009இல் தீர்ப்பு வந்தது.

அரச காணி எல்லாருக்கும் பொது என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கல்லோயாக் குடியேற்றத்தில் காணி பெரும்பாலும் சிங்களவருக்குப் போனதைப் பார்த்துப் பார்த்து, விகிதாசாரம் கேட்டவர்கள்தானே நாமும். ஆனால் பங்கு வேறு, நிவாரணம் வேறு. மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களில் பெரும்பாலானவை கடலுக்கு எட்டாத உள்நாட்டில் இருக்கின்றன. அலை அடித்தது முஸ்லிம்களையும் தமிழர்களையும். நிவாரணத்தை இழப்பை வைத்தல்லவா அளக்க வேண்டும்?

இன்னொரு அநியாயம் இதைவிடச் சத்தமில்லாமல் நடந்தது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. உம்மா வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தமிழ் ஊர்களிலும் இதே வழமைதான். கடல் கொண்டுபோனது அந்தச் சீதன வீடுகளை. சுனாமி வீடுகளுக்கான படிவங்களோ "குடும்பத் தலைவர்" யார் என்று கேட்டன. புருஷன்மாரின் பெயர்கள் ஏறின. தன் பெயரில் வீடு வைத்திருந்தவள், கிடைத்த புது வீட்டில் உரித்தில்லாதவளானாள். கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துப் போராடின.

தீர்ப்புக்குப் பிறகும் நுரைச்சோலை வீடுகள் பத்து வருடங்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்து பற்றை மூடிப்போயின. அவற்றைப் பகிரும் பொறுப்பில் இருப்பவர்களே, 2004இல் வீடிழந்தவர்களின் பட்டியலை முதலில் எடுங்கள். உறுதியில் அந்தப் பெண்களின் பெயரை எழுதுங்கள்.