இரட்டைப் பூட்டிலிருந்து மூன்று கைவரை: கருவூல நடைமுறையும் கணினி அனுமதிக் கருவிகளும்

நந்தனம் அண்ணா சாலையில் நிதித் துறையின் ஒருங்கிணைந்த வளாகம் இருக்கிறது. 2021 டிசம்பரில் அதற்குப் பேராசிரியர் க. அன்பழகன் மாளிகை என்று பெயர் சூட்டினார்கள். கருவூலக் கணக்குத் துறை ஆணையரகம் இயங்குவது அங்கேதான். ஏறத்தாழ ஒன்பது லட்சம் அரசு ஊழியர்களின் சம்பளமும் பணிப்பதிவேடும் ஓடும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் அந்த ஆணையரகத்தின் பொறுப்பு. ஊழியர்கள் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்றார்கள், இப்போது களஞ்சியம் என்கிறார்கள். 288.91 கோடி ரூபாய்த் திட்டம், செய்து கொடுத்தது விப்ரோ. அதில் ஒரு பட்டியல் நகர மூன்று கை வேண்டும்: இனிஷியேட்டர், வெரிஃபையர், அப்ரூவர். இணையச் செயலிக்கு ஆயத்தமான ரோல், பர்மிஷன் கருவியைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்று கைகளின் பூர்வீகத்தை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கருவூலங்களில் இரட்டைப் பூட்டு பழைய ஏற்பாடு. காப்பறையின் ஒரு சாவி கருவூல அலுவலரிடமும் இன்னொன்று பொருளாளர் அல்லது சராப்பிடமும் இருக்கும். பதவியில் உயர்ந்தவர் என்பதால் அலுவலருக்கு இரண்டு சாவியும் கிடைத்துவிடாது. பட்டியலுக்கும் இதே நியாயம்தான். எழுத்தர் தயாரிப்பார், பணம் பெற்று வழங்கும் அலுவலர் கையெழுத்திடுவார், கருவூலத்தில், சென்னையிலானால் சம்பளக் கணக்கு அலுவலகத்தில், மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்து கடவு செய்வார்கள். பிறகு கணக்கு தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். அனுமதி இங்கே நாற்காலிக்கு உரியது. அதில் உட்காருகிறவர் மாறினால் புது மாதிரிக் கையொப்பம் போகும், அவ்வளவுதான்.

கணினித் துறை இந்த இடத்துக்கு வந்து சேரச் சில பத்தாண்டுகள் பிடித்தன. தேவைக்கு மேல் ஒருவருக்கும் அனுமதி கூடாது என்ற நெறியை சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் வகுத்துச் சொன்னார்கள். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அளவுகோல்கள் அப்போது ரகசியத்தையே சுற்றி வந்தன: யார் எதைப் படிக்கலாம் என்பதே கேள்வி. வணிக உலகின் கவலை வேறு, அங்கே கணக்கு கெடாமல் இருப்பதுதான் முக்கியம் என்று 1987இல் எழுதியவர்கள் டேவிட் கிளார்க்கும் டேவிட் வில்சனும். வில்சன் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பது தற்செயல் அல்ல. கணக்குப்பிள்ளைகளின் பழைய வழக்கமான வேலைப் பிரிப்பு அவர்கள் வழியாகத்தான் கணினிப் பாதுகாப்புக் கோட்பாட்டின் நடுவுக்கு வந்தது. 1992இல் ஃபெராயோலோவும் கூனும் பொறுப்புவழி அனுமதியை முறைப்படுத்தினார்கள். 1996இல் ரவி சந்துவும் கூட்டாளிகளும் அதை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள்: அடிப்படை, மேல்-கீழ் படிநிலை, கட்டுப்பாடுகள், இவை அனைத்தும் சேர்ந்தது. 2004இல் அது அமெரிக்கத் தேசியத் தரநிலையாயிற்று.

இதில் சந்தைக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் முதல் பாதிதான். 'இவர் இந்தப் பொறுப்பில் இருக்கிறார், ஆகவே இதைச் செய்யலாம்' என்பதை எல்லாக் கருவியும் சொல்லும். 'இந்தப் பட்டியலைத் தொடங்கியவர் இவர், ஆகவே இதற்கு மட்டும் ஒப்புதல் தரக் கூடாது' என்பதைச் சொல்லும் கருவிகள் குறைவு. படிநிலையோ ஆபத்தையே கொண்டு வந்தது. மேலதிகாரிக்குக் கீழே உள்ளவர்களின் அனுமதி எல்லாம் தானாகச் சேரும் என்று வைத்தால், இரண்டு சாவியும் ஒருவர் இடுப்பில் ஏறிவிடும்.

இனி கருவிகளைப் பார்ப்போம். இணையச் செயலிக் கட்டமைப்பான ஜாங்கோ ஒவ்வொரு தரவு மாதிரிக்கும் சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் என்ற அனுமதிகளைத் தானே உருவாக்கித் தருகிறது. பார்த்தல் 2018இல் சேர்ந்தது. சிறு செயலிக்கு இது போதும். ஆனால் அதன் சூப்பர் யூசரிடம் எந்த அனுமதி உண்டா என்று கேட்டாலும் 'உண்டு' என்றே பதில் வரும். கருவூலத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. இன்னொரு கட்டமைப்பான லாராவெல்லுக்கான ஸ்பாட்டி தொகுப்பும் பொறுப்பு, அனுமதி இரண்டையும் நேர்த்தியாகக் கையாளும். தொடங்கியவரும் ஒப்புதல் தருபவரும் வேறு ஆளா என்ற சோதனையை நிரலர்தான் எழுத வேண்டும். 2014இல் வந்த கீகிளோக் முதன்மையாக ஆளை அடையாளம் காணும் கருவி. ஓபன் பாலிசி ஏஜென்ட் விதிகளைச் செயலிக்கு வெளியே தனி மொழியில் எழுத விடுகிறது. கூகுள் 2019இல் விவரித்த சான்சிபார் ஆளுக்கும் ஆவணத்துக்கும் உள்ள உறவைக் கொண்டு முடிவு செய்கிறது. ஓபன்எஃப்ஜிஏ, ஸ்பைஸ்டிபி அந்த வழியில் வந்தவை. பட்டியல் அளவில் வேலைப் பிரிப்பு தேவைப்படும் அலுவலகத்துக்குக் விதியைத் தனியே எழுதுவது, உறவைக் கொண்டு முடிவு செய்வது என்ற கடைசி இரண்டு வழிகளே நெருக்கமானவை என்பது என் கணிப்பு. அதற்கு விலை உண்டு: விதியை எழுதவும் சோதிக்கவும் தெரிந்த ஆள் நிரந்தரமாக வேண்டும்.

கருவிகளின் விளம்பரப் பட்டியலில் தென்படாத இன்னொன்று கூடுதல் பொறுப்பு. அலுவலர் விடுப்பில் போவார், பக்கத்து அலுவலகத்துக்காரர் ஒரு மாதம் பார்த்துக்கொள்வார். காகித ஆணையில் அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவு நாள் வைத்து அனுமதி கொடுக்கத் தெரியாத கருவியில் அந்த ஒரு மாத அனுமதி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். மாறுதல் காலத்தில் இது பெருகும்.

எந்தக் கருவியாலும் தீராத சிக்கலும் உண்டு. ஒரு தலைமையாசிரியரும் ஒரு எழுத்தரும் மட்டுமே உள்ள பள்ளியில் மூன்று பொறுப்புக்கு மூன்று ஆள் கிடையாது. அப்போது ஒன்று இரண்டு பொறுப்பு ஒருவருக்கே போகும், அல்லது கடவுச்சொல் கைமாறும். இரண்டாவது மோசம், பதிவேட்டில் மூன்று பேர் இருப்பார்கள், வேலை செய்தது ஒருவராக இருக்கும். இத்தகைய இடங்களுக்குச் சரிபார்ப்பை வட்டார அலுவலகத்துக்கு ஏற்றிவிடலாம். பட்டியல் ஒரு நாள் தாமதமானாலும் இரண்டாவது கண் உண்மையாக இருக்கும். கருவி வாங்கும் குழு விலைப்புள்ளி கோரும் முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். ஏனெனில் அலுவலக எல்லையைத் தாண்டி ஒரு பொறுப்பை ஒப்படைக்க முடியுமா என்பதிலேயே பாதிக் கருவிகள் கழிந்துவிடும்.