ஏழையின் துப்பாக்கி: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து நாட்டுத் துப்பாக்கியின் சட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எளியவர் வாங்கத்தக்க வேட்டைத் துப்பாக்கி எது என்பதைச் சந்தை விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருக்கு எவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்னும் சட்டமே அதைப் பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது. 1878, 1959, 1972 ஆகிய ஆண்டுகளின் மூன்று சட்டங்களை ஒப்பிட்டு இக்கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: செஞ்சி, நாட்டுத் துப்பாக்கி, ஆயுதச் சட்டம், பயிர்க் காவல், நரிக்குறவர்

முன்னுரை

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டு ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. சி. எஸ். சீனிவாசாச்சாரியின் நூல் (1943) தொடங்கிச் செஞ்சியின் போர் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. எனினும் கோட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும் பாக்கம் மலைக் காடுகளின் ஓரத்திலும் உழவரும் வேட்டையாடிகளும் கைக்கொண்ட எளிய துப்பாக்கி அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

1. கருவியின் இயல்பு

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கானின் முகலாயப் படை அதனை முற்றுகையிட்டது. 1750இல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அதனைப் பிடித்தனர். இப்போர்களில் வீரர் ஏந்திய துப்பாக்கியும் பிற்காலத்தில் வேட்டைக்குச் சென்ற நாட்டுத் துப்பாக்கியும் நிரப்பும் முறையில் ஒன்றே. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, மேலே குண்டையோ ரவையையோ இட்டுக் கோலால் இடித்து இறுக்குவர். ஈழத் தமிழில் இது 'இடியன்' எனப்படுவது இச்செயலைச் சுட்டுவதேயாகும். தீ மூட்டும் முறை மட்டும் திரியிலிருந்து சக்கிமுக்கிக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'கேப்பு'க்கும் மாறியது.

ரைஃபிளின் குழலுட்புறத்தில் திருகுவரிகள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்து தொலைவிலுள்ள இலக்கைத் தவறாது தாக்க உதவுகின்றன. அவ்வரிகளை வெட்டவும் அவற்றுக்கேற்ற தோட்டாவைச் செய்யவும் நுண்ணிய பொறிகள் வேண்டும். வழுவழுப்பான குழலுடைய நாட்டுத் துப்பாக்கியையோ ஊர்க் கொல்லரே செய்துவிட இயலும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் நிரப்ப நேரமாகும், தொலைவும் குறைவு. ஆயினும் சிதறிப் பாயும் ரவை முயலுக்கும் கௌதாரிக்கும் போதுமானது. எனவே எளியவரின் தேர்வு இக்கருவியாக அமைந்ததில் வியப்பில்லை.

2. காலனியச் சட்டமும் விலக்குகளும்

பாளையக்காரர் போர்கள் ஓய்ந்ததும் 1801 டிசம்பரில் சென்னை அரசு வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1857 எழுச்சிக்குப் பின் 1860இலும், லிட்டன் காலத்தில் 1878இலும் நாடு தழுவிய ஆயுதச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறவேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குடகர்களுக்கும் தனி விலக்கு இருந்தது. இதனால் ஒரே காட்டில் வேட்டையாடிய இருவருள் ஒருவர் சட்டத்தின் பார்வையில் விளையாட்டு வீரராகவும் மற்றவர் குற்றவாளியாகவும் ஆகும் நிலை உருவானது. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாடு இச்சட்டம் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியமை இக்குறை அன்றே உணரப்பட்டதற்குச் சான்று.

3. 1959: வறுமை தடையன்று

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இதன் இரு கூறுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. பதின்மூன்றாம் பிரிவு, இருபது அங்குலத்துக்குக் குறையாத வழுவழுப்புக் குழல் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும், வாய்வழி நிரப்பும் துப்பாக்கியை உண்மையான பயிர்க் காவலுக்குக் கேட்பவருக்கும், மறுப்பதற்குரிய காரணங்கள் இல்லாதவரை உரிமம் வழங்கியே தீரவேண்டும் என்கிறது. ரைஃபிள் கேட்பவரோ தக்க காரணம் உண்டென உரிம அதிகாரியை நிறைவுகொள்ளச் செய்யவேண்டும். பதினான்காம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமம் மறுக்கலாகாது என விதிக்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், கொல்லர் பட்டறைத் தரத்திலான கருவியை ஏழை உழவரின் உரிமைப்பொருளாகச் சட்டமே ஏற்றுக்கொண்டது புலப்படும். 'மலிவான துப்பாக்கி' என்பது இவ்வகையில் ஒரு சட்ட வகைமையும் ஆயிற்று.

4. 1972: இலக்கற்ற துப்பாக்கி

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறு விலங்கு வேட்டைக்கும் உரிமமுறை வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. முயல், கௌதாரி, காடை ஆகியவற்றை வேட்டையாடுவதும் குற்றமாயிற்று. துப்பாக்கிக்கு உரிமம் தரும் சட்டம் அப்படியே நிற்க, அதனால் சுடத்தக்க உயிர்கள் ஏறத்தாழ இல்லாமற் போயின. உழவருக்கு அது ஓசையெழுப்பி விலங்கை விரட்டும் கருவியாகச் சுருங்கியது.

இம்மாற்றம் நரிக்குறவரைக் கடுமையாகத் தாக்கியது. தர்ஸ்டன் 1909இல் 'குருவிக்காரர்' எனப் பதிவுசெய்த இம்மக்களுக்குத் துப்பாக்கியே பிழைப்பு. இந்தோ-ஆரிய மொழியாகிய வாக்ரிபோலி அவர்களது தாய்மொழி. வேட்டை மறுக்கப்பட்டபின் பாசிமணி, ஊசி விற்பனையே பலருக்கு வாழ்வாதாரமானது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. காட்டுயிர் காக்கப்படவேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் தடைக்கும் இந்த ஏற்புக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது என்பதை வரலாற்றாய்வு குறித்தாக வேண்டும்.

முடிவுரை

2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட வகை செய்தது. சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே உரியது. 1959இல் உழவரின் கையில் சட்டம் அளித்த பயிர்க் காவல் இவ்வாறு துறையின் கைக்கு மாறியுள்ளது. காலனிய அரசு இனத்தை அளவுகோலாகக் கொண்டது; விடுதலை பெற்ற அரசு தேவையை அளவுகோலாக்கியது; அடுத்து வந்த சட்டம் உயிரினத்தை முன்வைத்தது. இம்மூன்று மாற்றங்களையும் சந்தித்தபோதும் நாட்டுத் துப்பாக்கியின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. மாறியது அதனை ஏந்துவோரின் சட்டநிலையே. கோட்டையின் பீரங்கிகளை ஆவணப்படுத்தும் அக்கறையோடு, செஞ்சி வட்டார உரிமப் பதிவேடுகளையும் முதிய வேட்டையாடிகளின் வாய்மொழிகளையும் தொகுப்பது அடுத்த பணியாகும்.