அரண்மனை நூலகமும் மக்கள் நூலகமும்

இன்றைய தருமபுரி வட்டாரம் ஒரு காலத்தில் பாராமகால் என்னும் நிலப்பரப்பின் பகுதியாக மைசூர் அரசின் ஆளுகையில் இருந்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று. நிலம் கைமாறிய இவ்வரலாற்றை நாம் பாடநூல்களில் பயின்றிருக்கிறோம். அதனையடுத்து நூல்கள் கைமாறிய வரலாறும் நம் கவனத்துக்குரியது.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, சுல்தானின் அரண்மனையில் ஏறத்தாழ 2,000 நூல்கள் இருந்தன. திருக்குர்ஆன் விரிவுரை, நபிமொழி, சட்டவியல், மருத்துவம், வரலாறு, கவிதை எனப் பல துறைகளைச் சார்ந்த அரபு, பார்சி, தக்கனி ஏடுகள் அவை. வென்றவர்களின் உடைமையாகி அவற்றுள் பெரும்பகுதி கல்கத்தாவுக்கும் பின்னர் லண்டனுக்கும் சென்றது. சார்லஸ் ஸ்டூவர்ட் தொகுத்த விளக்கப் பட்டியல் 1809இல் அச்சேறியது. மன்னரின் சொத்தாக இருந்த நூலகம் மன்னரோடு மறைந்தது; அதன் பெயர்ப்பட்டியலே அந்நூலகத்தின் பரப்பை இன்று நமக்கு அறிவிக்கிறது.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு மாற்றான மரபும் உண்டு. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோசுல் நகரில் ஜஅஃபர் இப்னு ஹம்தான் என்னும் அறிஞர் ‘தாருல் இல்ம்’ ஒன்றை நிறுவினார். கல்வி நாடி வந்த எவருக்கும் அங்கே தடையில்லை. வறியவராக வந்தோர்க்குக் காகிதமும் பொருளும் வழங்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் யாகூத் குறித்துள்ளார். படிப்போரை முன்வைத்து எழுந்த நூலகம் அது.

தமிழகத்தில் அம்மரபை நினைவூட்டுவது சென்னை முகம்மதியர் பொது நூலகம். 1850ஆம் ஆண்டில் அது உருவாக முன்னின்றவர் ஸ்காட்லாந்தில் பிறந்த இராணுவ மருத்துவர் எட்வர்டு பால்ஃபர். பார்சியும் இந்துஸ்தானியும் கற்றிருந்த அன்னார், சேப்பாக்கத்தில் கருநாடக நவாபிடம் கம்பெனி அரசின் முகவராகவும் பணியாற்றியவர். அடுத்த ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரும் அவரே. கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896இல்தான் என்பதை எண்ணும்போது, ஒரு சமுதாயத்தின் பெயரில் 46 ஆண்டுகளுக்கு முன்பே பொது நூலகம் எழுந்தமை சிறப்பாகும்.

அது தோன்றிய ஐந்தாம் ஆண்டில், கல்விக்கும் கவிதைக்கும் புரவலராக விளங்கிய நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி அரசு நவாப் பட்டத்தை ஒழித்தது. சேப்பாக்கம் அரண்மனையும் பின்னர் அரசின் கைக்குப் போயிற்று. ஆயினும் திருவல்லிக்கேணியில் இந்நூலகம் நூற்றாண்டு கடந்து நிலைத்தது. அரண்மனையின் உடைமையாக இராது பொதுவில் நின்றமையே அதன் நீடிப்புக்கு அடிப்படை என நாம் கருதுகிறோம்.

விடுதலைக்குப் பின் நிலை மேலும் மாறியது. நூலகவியல் அறிஞர் சீ.இரா. அரங்கநாதனின் நெடிய முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. சொத்து வரியோடு நூலக வரி விதித்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைக்க அது வழிவகுத்தது. சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்தின் பொது நூலகங்களும் இவ்வேற்பாட்டில் இயங்குபவையே. எனவே பொது நூலகம் நம் வரிப்பணத்தால் நடப்பது. அதில் நமக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

இங்கே எழும் வினா ஒன்று. இல்லத்தில் உருது பேசி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் பயிலும் இளைஞர்க்கு முன்னோரின் பார்சி ஏடு எவ்வாறு பயன்படும்? படிக்கத் தெரிந்தவர் இல்லாத ஏடு கண்ணாடிப் பேழையுள் இருந்தாலும் இழந்த ஏடே. ஆகவே பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் இல்லங்களிலும் எஞ்சியுள்ள பழைய நூல்களுக்கு முதலில் தமிழில் பட்டியல் வேண்டும். அடுத்து, தேர்ந்தவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். அப்பட்டியலின் படியொன்று மாவட்ட நூலகத்திலும் இருத்தல் வேண்டும்.

சுல்தானின் நூல்களுக்கு அவற்றைக் கொண்டுபோனவர்கள் பட்டியல் எழுதினார்கள். நம்மிடம் எஞ்சியிருப்பவற்றுக்கு நாமே எழுதுவோமாக.